பகுதியில் மூலம் ஏன் இருக்கக்கூடாது? 30 வருடம் தாமதமாக ஒரு பதில்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஒன்றுகூடி என்னையும் அழைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டில் என் பக்கத்து இலையில் ஒரு மாணவி உட்கார்ந்தாள். இப்போது அவள் மகளே கல்லூரியில் படிக்கிறாள். சாதாரணமாகப் பேசிக்கொண்டே வந்தவள், "சார், ஒரு சந்தேகம். 30 வருஷமா மனசுல இருக்கு" என்றாள்.

"அரையாண்டுப் பரீட்சையில ஒரு கணக்குக்கு 1/√2-ன்னு விடை எழுதினேன். √2/2-ன்னு எழுதலைன்னு அரை மார்க் குறைச்சீங்க. ஏன் சார்னு கேட்டேன். 'பகுதியில ரூட் இருக்கக்கூடாது, அது விதி, போய் உட்காரு'ன்னீங்க. அடுத்த மாசமே முக்கோணவியல் நடத்தினீங்க. சைன் 45 டிகிரி = 1/√2-ன்னு நீங்களே போர்டுல எழுதினீங்க. புத்தகத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு. எழுந்து கேக்கணும்னு தோணுச்சு. கேக்கல. அதுக்கப்புறம் உங்க வகுப்புல நான் எதுவுமே கேக்கல சார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அன்று எனக்குக் காரணம் தெரியாது. என் வாத்தியார் எனக்கு அப்படிச் சொன்னார், நான் உங்களுக்குச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த விதி எங்கே பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்று ஒரு மாதமாகப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்கான பதில் இது. அவளைப் போல் கேட்காமல் விட்டவர்களுக்கும்தான்.

முதலில் மறந்தவர்களுக்கு ஒரு நினைவூட்டல். √8 என்றால் 4 × 2-இன் மூலம். 4-க்கு மூலம் 2, அது வெளியே வரும். ஆகவே √8 = 2√2. √50 என்றால் 25 × 2, ஆகவே 5√2. இதுதான் சுருக்குதல். பின்னத்தின் பகுதியில் √2 இருந்தால் மேலும் கீழும் √2-ஆல் பெருக்கி, கீழே இருப்பதை முழு எண்ணாக்குவோம். 1/√2 அப்படித்தான் √2/2 ஆகிறது. விகிதமுறா மூலங்கள் என்று நாம் படித்த பாடம் இது. இப்போதைய புத்தகத்தில் முறுடுகள் என்கிறார்கள்.

இந்தக் கதை கயிற்றில் தொடங்குகிறது. வேள்விக்கு மேடை கட்டியவர்களிடம் ஒரு சிக்கல் இருந்தது. இப்போது இருக்கும் சதுர மேடையைப் போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும் என்றால் கயிற்றை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது? பழைய சதுரத்தின் மூலைவிட்டத்தை அளந்து, அதையே புதிய பக்கமாக வைத்துக்கொண்டால் போதும். அந்தக் கயிற்றுக்கு 'த்விகரணி' என்று பெயர். இரண்டு மடங்கை உண்டாக்குவது என்று பொருள். மூன்று மடங்கை உண்டாக்குவது 'த்ரிகரணி'. நாம் √2, √3 என்கிறோம், அவர்கள் கயிற்றின் பெயரால் சொன்னார்கள். பின்னாளில் விகிதமுறா மூலம் எல்லாவற்றுக்குமே 'கரணி' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே ஒரு சின்ன விலகல். போதாயனர் பாட்டு என்று வாட்ஸப்பில் ஒன்று சுற்றுகிறது. உறவினர்களே எனக்கு ஐந்தாறு முறை அனுப்பியிருக்கிறீர்கள். நீளமான பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, மற்றப் பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் வந்துவிடும், வர்க்கமூலமே வேண்டாம் என்கிறது. 3, 4 போட்டால் 5 வருகிறது. 5, 12 போட்டால் 13 வருகிறது. பிரமாதம்! ஆனால் 8 அடிக்கு 8 அடி சதுரத்துக்குப் போட்டுப் பாருங்கள். 8-இல் 1 போனால் 7, அதோடு 4 சேர்த்தால் 11 அடி. உண்மையான மூலைவிட்டம் 11.31 அடி. ஏறக்குறைய 4 அங்குலம் குறைகிறது. எந்தக் கொத்தனாரும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டார்.

போதாயனர் பெயரிலுள்ள சுல்ப சூத்திரத்தில் மூலைவிட்டத்துக்கு இருக்கும் விதியே வேறு. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு. அந்த மூன்றில் ஒன்றின் நான்கில் ஒரு பங்கையும் கூட்டு. கடைசியாகக் கூட்டியதன் 34-இல் ஒரு பங்கைக் கழி. கணக்குப் போட்டால் 577/408 வரும், அதாவது 1.414215... உண்மையான √2 1.414213... ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்குக்கூட இரண்டே மில்லிமீட்டர்தான் பிழை. இந்த நூலின் காலத்தை ஆய்வாளர்கள் கி.மு. 800-க்கும் 500-க்கும் இடையில் வைக்கிறார்கள். பெருமைப்பட இது போதாதா? அந்த வாட்ஸப் பாட்டு எதற்கு?

கயிறு எண்ணாக மாறி, கூட்டல் கழித்தலுக்குள் வந்தது பிறகுதான். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்தில் கரணிகளைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் விதிகள் இருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் அவற்றை விரித்து, எடுத்துக்காட்டுகளோடு ஒரு பாடமாகவே நடத்துகிறார். √ என்ற குறி அப்போது கிடையாது. கரணி என்பதன் முதலெழுத்தான 'க'வைப் போட்டு, 'க 2 க 8' என்று எழுதுவார்கள். கழிக்க வேண்டியதென்றால் எண்ணின் தலையில் ஒரு புள்ளி.

2-இன் கரணியையும் 8-இன் கரணியையும் கூட்டு, கழி. இது பாஸ்கரர் கொடுக்கும் கணக்கு. அவர் வழி என்ன தெரியுமா? இரண்டையும் கூட்டு: 10. இதற்கு 'மஹதீ', பெரியது என்று பெயர். இரண்டையும் பெருக்கி, மூலம் எடுத்து, இரட்டிப்பாக்கு: 16-இன் மூலம் 4, இரட்டித்தால் 8. இதற்கு 'லகு', சிறியது என்று பெயர். பெரியதும் சிறியதும் சேர்ந்தால் 18, கழித்தால் 2. ஆகவே கூட்டல் √18, கழித்தல் √2. நம் வழியில் சரிபார்ப்போம். √8 = 2√2. அதோடு √2 சேர்ந்தால் 3√2. 3-ஐ உள்ளே தள்ளினால் 9 × 2, அதாவது √18. சரியாக வருகிறது.

அவரே இரண்டாவது வழியும் சொல்கிறார். பெரியதைச் சிறியதால் வகுத்து மூலம் எடு: 8/2 = 4, மூலம் 2. அதோடு 1 கூட்டி வர்க்கமாக்கு: 9. சிறியதால் பெருக்கு: 18. கூட்டாமல் 1 கழித்தால் கழித்தலின் விடை கிடைக்கும். √2-ஐப் பொதுக் காரணியாக வெளியே எடுங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேனே, அதே கணக்குதான் இது.

அதற்குப் பிறகு வரும் எடுத்துக்காட்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 3-ஐயும் 7-ஐயும் கொடுக்கிறார். பெருக்கினால் 21. அதற்கு முழு எண்ணில் மூலம் கிடையாது. விடை? இரண்டையும் தனித்தனியாகவே விட்டுவிடு என்கிறார். எங்கே சுருக்கலாம், எங்கே விட்டுவிடலாம் என்று தெரிவதும் பாடத்தில் சேர்த்திதான். √3 + √7 = √10 என்று எழுதி என்னிடம் குட்டு வாங்கியவர்கள் இந்த இடத்தில் தலையைத் தடவிக்கொள்ளலாம்.

இனி நம் விதிக்கு வருகிறேன். வகுக்கும் எண்ணில் இரண்டு கரணிகள் இருந்தால், அவற்றில் ஒன்றின் குறியை மாற்றி, அப்படி மாற்றிய எண்ணால் மேலும் கீழும் பெருக்க வேண்டும். கீழே கரணி ஒன்றே ஒன்று மிஞ்சும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிரம்மகுப்தரும் இதைச் சொல்கிறார், பாஸ்கரரும் சொல்கிறார். பகுதியை விகிதப்படுத்துதல் என்று நாம் செய்தது இதே வேலைதான். 1/(√3 − √2) என்றால் மேலும் கீழும் √3 + √2-ஆல் பெருக்குகிறோம். கீழே 3 − 2 = 1. விடை √3 + √2. கிட்டத்தட்ட 1,400 வயதான தந்திரம் இது.

மேற்கே இந்த எண்களின் கதை வேறு மாதிரிப் போனது. கிரேக்கர்களுக்கு இவை பெரிய தலைவலி. எந்த இரு முழு எண்களின் விகிதமாகவும் √2-ஐ எழுத முடியாது என்று அவர்கள் நிறுவியிருந்தார்கள். 'லோகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு விகிதம் என்றும் பொருள், சொல் என்றும் பொருள். இந்த எண்களை 'அலோகோஸ்' என்றார்கள். விகிதம் இல்லாதது என்றும் கொள்ளலாம், சொல்லில் வராதது என்றும் கொள்ளலாம். அரபு மொழிக்குப் போனபோது இது 'அஸம்ம்' ஆனது, அதாவது செவிடு. லத்தீனுக்குப் போனபோது அதே பொருளில் 'சர்டஸ்'. ஆங்கிலத்தில் 'சர்ட்'. வகுப்பில் பாதிப் பேருக்கு இந்தப் பாடம் காதில் ஏறாததன் காரணம் இப்போது புரிகிறதா?

பாக்தாதில் 9-ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி எழுதிய அல்ஜீப்ரா நூலிலும் இந்தச் சுருக்கல் இருக்கிறது. ஒரு மூலத்தை இரட்டிக்க வேண்டுமா, உள்ளே இருக்கும் எண்ணை 4-ஆல் பெருக்கு. மூன்று மடங்காக்க வேண்டுமா, 9-ஆல் பெருக்கு. நாம் வெளியே எடுப்பதை அவர் உள்ளே தள்ளுகிறார். இரண்டும் ஒரே கதவுதான். மூலம் என்ற சொல்லையும் கவனியுங்கள். நமக்கு மூலம் என்றால் வேர். அரபுச் சொல் 'ஜித்ர்' என்றாலும் வேர், லத்தீன் 'ராடிக்ஸ்' என்றாலும் வேர்.

√ குறி அச்சில் வந்தது 1525-இல். கிறிஸ்டாஃப் ருடால்ஃப் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிய அல்ஜீப்ரா புத்தகத்தில் அது இருக்கிறது. அதன் மேல் கோடு இல்லை, வெறும் கொக்கி மட்டும்தான். தலைக்கு மேல் நீளும் கோட்டை அதனோடு சேர்த்து 1637-இல் அச்சிட்டவர் டெகார்ட். எத்தனை எண்கள் மூலத்துக்குள் அடங்கும் என்பதை அந்தக் கோடு காட்டிவிடுகிறது. கோட்டைக் குட்டையாகப் போட்டு மதிப்பெண் இழந்தவர்கள் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பகுதியில் மூலம் ஏன் கூடாது?

காகிதத்தை எடுங்கள், கால்குலேட்டரைத் தள்ளி வையுங்கள். 1/√2-இன் மதிப்பு வேண்டும். 1-ஐ 1.41421-ஆல் நீள்வகுத்தல் முறையில் வகுத்துப் பாருங்கள். ஆறு இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் எத்தனை தடவை போகும் என்று பார்த்து, பெருக்கி, கழித்து... ஒரு பக்கம் நிறையும். இப்போது √2/2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1.41421-இல் பாதி. 0.707105. வாயாலேயே சொல்லிவிடலாம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. √2-க்கு மேலும் ஒரு இலக்கம் தெரிய வந்தால் √2/2-இல் விட்ட இடத்திலிருந்து பாதியாக்கிக்கொண்டே போகலாம். 1/√2-இலோ வகுக்கும் எண்ணே மாறிவிட்டதால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். கையால் கணக்குப் போட்டு அட்டவணை தயாரித்தவர்களுக்கும், அந்த அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்களுக்கும் இது எத்தனை மணி நேர மிச்சம்!

பிழையும் குறையும். 1/(√3 − √2)-க்கு ஒரு தசம இடம் வரை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1.7 − 1.4 = 0.3. 1-ஐ 0.3-ஆல் வகுத்தால் 3.33. விகிதப்படுத்தினால் 1.7 + 1.4 = 3.1. உண்மையான மதிப்பு 3.146. நெருங்கிய இரண்டு எண்களைக் கழித்தால் கையில் மிஞ்சுவது துக்கடா. அதில் பிழை பெரிதாகத் தெரியும். கூட்டினால் அந்த ஆபத்து இல்லை.

இரண்டாவது காரணம் ஒப்பிடும் வசதி. 6/√12, 3/√3, √27/3 ஆகிய மூன்றும் பார்க்க மூன்று விதம். மூன்றையும் சுருக்கினால் √3தான். எல்லோரும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்தால்தான் என் விடையும் உன் விடையும் ஒன்றா என்று சொல்ல முடியும். 3√2-ஐயும் 5√2-ஐயும் கூட்ட முடிவதும் இதனால்தான். நாற்பது விடைத்தாள் திருத்துகிற வாத்தியாருக்கும் இதில் வசதி உண்டு என்பதை மறைக்கவில்லை.

ஆக, அந்த விதி வேலையை மிச்சப்படுத்தப் பிறந்த நல்ல பழக்கம். உண்மை எது, பொய் எது என்று தீர்ப்புச் சொல்லும் விதியல்ல. 1/√2-உம் √2/2-உம் ஒரே எண். கால்குலேட்டர் வந்த பிறகு முதல் காரணம் பெரும்பாலும் போய்விட்டது. இரண்டாவது மட்டும் இருக்கிறது.

இன்னும் ஒரு வேடிக்கை. சில இடங்களில் மூலத்தைக் கீழே அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். √1000001 − 1000 எவ்வளவு? கடைகளில் இருக்கும் எட்டு இலக்கக் கால்குலேட்டர் √1000001-க்கு 1000.0004 அல்லது 1000.0005 என்று காட்டும். 1000 போக மிஞ்சுவது ஒரே ஒரு இலக்கம். மற்ற இலக்கமெல்லாம் கழித்தலில் காணாமல் போய்விட்டது. அதையே 1/(√1000001 + 1000) என்று திருப்பி எழுதி வகுத்தால் 0.000499999... என்று சரியாகப் போகிறது. கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். மேல்நிலை வகுப்பில் √x-இன் வகைக்கெழுவை முதல் கொள்கையிலிருந்து கண்டுபிடித்தவர்கள் தொகுதியை விகிதப்படுத்தியது நினைவிருக்கிறதா? அங்கே மூலங்கள் கீழேதான் போயின. யாரும் அரை மதிப்பெண் குறைக்கவில்லை.

சுருக்குவது மட்டுமே திறமை என்றும் இல்லை. நம் கும்பகோணத்து ராமானுஜன் 1911-இல் இந்திய கணிதக் கழக இதழில் ஒரு கேள்வி போட்டார். ஒரு மூலம், அதற்குள் 1-ஓடு 2 மடங்கு இன்னொரு மூலம், அதற்குள் 1-ஓடு 3 மடங்கு ஒரு மூலம், அதற்குள் 1-ஓடு 4 மடங்கு என்று முடிவில்லாமல் மூலத்துக்குள் மூலம். மதிப்பு என்ன? விடை வெறும் 3. எப்படி? 3 என்பது √9. 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது √16. 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது √25. 25 என்பது 1 + 4 × 6. இப்படியே போகலாம். நாம் மூலங்களை மடித்து வைக்கக் கற்றோம். அவர் ஒரு சாதாரண 3-ஐ எடுத்து விரித்துக் காட்டினார்.

அம்மா, உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். நீ எழுதிய 1/√2 சரி. 'விடையைச் சுருக்கிய வடிவில் எழுதுக' என்று கேள்வித்தாளில் இருந்திருந்தால் அரை மதிப்பெண் குறைத்ததில் நியாயம் இருந்திருக்கும். அப்படி இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. ஆனால் நீ ஏன் என்று கேட்டபோது, 'தெரியாதும்மா, பார்த்துச் சொல்றேன்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு அன்று தைரியம் இல்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் வாத்தியாருக்குத் தெரியாது என்றால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். அரை மதிப்பெண் போனது பெரிதல்ல. அதற்குப் பிறகு நீ கேட்காமல் விட்ட கேள்விகள் எத்தனையோ, அவற்றை நினைத்துத்தான் வருத்தப்படுகிறேன். மன்னித்துக்கொள்.

இன்று வகுப்பு எடுக்கிற என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். ஒரு பிள்ளை எழுந்து ஏன் என்று கேட்டால், விதி என்று மட்டும் சொல்லி உட்கார வைத்துவிடாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். மறுநாள் பதிலோடு போங்கள். என்னைப் போல 30 வருடம் ஆக்காதீர்கள்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. பாஸ்கரர் கொடுத்த இன்னொரு கணக்கு: 3-இன் கரணியையும் 27-இன் கரணியையும் அவர் வழியிலேயே கூட்டுங்கள், கழியுங்கள். பிறகு நம் வழியில் சரிபாருங்கள். விடையைக் கமெண்டில் எழுதுங்கள். எந்த வடிவில் எழுதினாலும் முழு மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்